விதை எடுக்க முடியாத பூ

ரோமனெஸ்கோ என்ற காய்கறியைப் படத்தில் முதன்முறையாகப் பார்ப்பவர்கள், யாரோ சிற்பி செதுக்கிவைத்த பொருள் என்றே நினைப்பார்கள். இளம்பச்சை நிறத்தில் ஒரு கூம்பு. அதன் உடலெங்கும் அதே வடிவில் சிறு கூம்புகள். அச்சிறு கூம்புகளின் மேல் இன்னும் சிறியவை. கண் ஓயும்வரை அடுக்கு ஓய்வதில்லை. ரோம் நகரைச் சுற்றிய பகுதிகளில் நெடுங்காலமாக விளைவதால் இந்தப் பெயர். புரோக்கோலி என்று இதை அழைத்தாலும், தாவரவியல் கணக்கில் காலிஃபிளவருக்கே நெருங்கிய உறவு.

உண்மையில் முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூல்கோல், புரோக்கோலி எல்லாமே ஒரே தாவர இனம். ஐரோப்பியக் கடலோரங்களில் வளர்ந்த ஒரு காட்டுச்செடியில், இலையை விரும்பியவர்கள் இலை திரண்ட செடியிலிருந்து விதை எடுத்தார்கள். தண்டை விரும்பியவர்கள் தண்டு பருத்த செடியிலிருந்து எடுத்தார்கள். பூவை விரும்பியவர்கள் பூத்திரள் பெருத்த செடியிலிருந்து எடுத்தார்கள். பல தலைமுறைகள் இப்படி விதை எடுத்ததன் விளைவாக ஒரு செடி ஒரு காய்கறிச் சந்தையாகப் பெருகியது.

பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்தில், வீட்டுக் கொல்லையில் மூன்று ஆண்டுகளாக ரோமனெஸ்கோவை விதையிலிருந்து வளர்த்து வருகிறேன். தமிழ் கற்பிப்பவனுக்கு இத்தாலியக் கோசு எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது.

இந்தப் பூத்திரளின் மேல் ஓடும் சுருள்களை எண்ணினால், ஒரு திசையில் பெரும்பாலும் 8, எதிர்த்திசையில் 13 வரும். 1, 2, 3, 5, 8, 13 என்று, முந்தைய இரண்டையும் கூட்டி அடுத்ததைப் பெறும் வரிசையின் எண்கள் இவை. 1202இல் நூல் எழுதிய இத்தாலியக் கணிதர் ஃபிபொனாச்சியின் பெயரால் உலகம் இவ்வரிசையை அறிகிறது. ஆனால் அவருக்கு முன்பே இந்திய யாப்பியலார் இதைக் கண்டிருந்தார்கள். விரகாங்கரும், 1150 அளவில் ஹேமசந்திரரும் செய்யுளின் மாத்திரைகளை எண்ணும்போது இதை எழுதிவைத்தார்கள். நம் குறில் நெடிலைக்கொண்டே இதைச் செய்து பார்க்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மெய்யெழுத்தை ஒதுக்கிவிட்டு, 3 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? குறில் மூன்று, குறில் நெடில், நெடில் குறில். ஆக 3. நான்கு மாத்திரைக்கு 5 விதம். ஐந்துக்கு 8. ஆறுக்கு 13. வகுப்பில் கரும்பலகையில் இதை எழுதிவிட்டு, தை மாதமானால் ஒரு ரோமனெஸ்கோவை மேசைமேல் வைத்து எண்ணச் சொல்வேன். அன்று யாப்பிலக்கண வகுப்பில் யாரும் தூங்குவதில்லை.

இந்த வடிவம் எப்படி உண்டாகிறது என்பதை 2021இல் ஃபிரான்சுவா பார்சி, கிறிஸ்தோஃப் கோதான் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினார்கள். காலிஃபிளவரின் ஒவ்வொரு நுனியும் பூவாக முயல்கிறது, முடியாமல் தண்டாகிறது. ஆனால் பூவாகவிருந்த சிறுபொழுதின் நினைவு அதில் தங்கிவிடுகிறது. அதனால் இலை விடாமல், மறுபடியும் பூவுக்கான மொட்டுகளையே வைக்கிறது, அவையும் தண்டாகின்றன. இப்படித் தண்டின்மேல் தண்டாக அடுக்கியதே நாம் பொரித்துத் தின்னும் பூ. ரோமனெஸ்கோவில் மட்டும், புது மொட்டு வைக்கும் வேகம் போகப்போகக் கூடுவதால் தட்டைத் திரள் கூம்பாக எழுகிறது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் சொல் வைத்த மொழியில், அரும்புக்கும் முந்திய நிலையிலேயே நின்றுவிட்ட இதற்கு ஒரு சொல் இல்லை.

இனி வளர்ப்பு. விதை கடுகைப்போல இருக்கும். கடுகு இதன் உறவினம்தான். புரட்டாசிக் கடைசியில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் போட்டு நிழல்வலைக்கடியில் வைத்தால், ஐந்தாறு நாளில் முளைக்கும். நான்கைந்து இலை வந்ததும் ஐப்பசி மழை ஈரத்தில் நடவேண்டும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு இலையைச் சல்லடையாக்கும். சுற்றிலும் கடுகை முன்கூட்டியே விதைத்தால் அந்து அங்கே முட்டையிடப் போகும். மண்ணில் போரான் குறைந்தால் தண்டின் உள்ளே பொந்து விழும்.

இவற்றையெல்லாம் கைகளால் சமாளிக்கலாம். குளிரை என்ன செய்வது? இந்தச் செடிக்குத் தலை திரளக் குளிர்ச்சி வேண்டும். ஜெயமங்கலம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே கண்ணெதிரில் நிற்கும் கொடைக்கானல் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை வெப்பம் குறையும் என்ற கணக்கில், கொல்லையிலிருந்து நான் பார்க்கும் மலை உச்சி என் செடிகளைவிட 12 பாகை குளிர்ந்தது. எங்களுக்கு மார்கழி, தை இரவுகள் மட்டுமே உண்டு. முதல் ஆண்டு இருபது செடியும் இலையாகவே விரிந்தன. இரண்டாம் ஆண்டு மூன்று தலைகள். மூன்றாம் ஆண்டு மார்கழி நன்றாகக் குளிர்ந்தது. பன்னிரண்டு செடியில் ஏழு தலை, ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும் அளவு.

முதல் தலையை அறுத்துக் கொண்டுவந்தபோது அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “ஏய்யா, இதுக்கு வெதை எடுக்கலாமா?” என்று மட்டும் கேட்டார்.

எடுக்க முடியாது. தலையை அறுக்காமல் விட்டால் அது கலைந்து, பூத்தண்டு நீண்டு, கடுகைப்போல மஞ்சள் பூ பூத்து நெற்று வைக்கவேண்டும். எங்கள் மாசி வெயிலில் தண்டு நீளுமுன்பே திரள் அழுகிவிடுகிறது. தப்பிப் பூத்தாலும், இந்த இனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒருசேரப் பூக்கும் பல செடிகள் வேண்டும். இதைச் சொன்னேன். “அப்ப வருசாவருசம் வாங்கணும்” என்றார்.

அம்மாவின் கேள்வி காலிஃபிளவரின் வரலாற்றையே தொட்டுவிட்டது என்பது பிறகுதான் விளங்கியது. 1822இல் சஹாரன்பூர் கம்பெனித் தோட்டத்துக்கு இங்கிலாந்திலிருந்து காலிஃபிளவர் வந்தது. குளிர்நாட்டுச் செடி. வட இந்தியத் தோட்டக்காரர்கள், அந்த வெப்பத்திலும் தலை வைத்த செடிகளை அறுக்காமல் விட்டு விதை எடுத்தார்கள். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. அந்தப் பெயர் தெரியாத தோட்டக்காரர்களின் தேர்வில் இந்தியக் காலிஃபிளவர் என்று தனி வகையே உருவாயிற்று. 20 பாகைக்கு மேலும் அது தலை வைக்கும்; சமவெளியிலேயே விதையும் தரும். ஐரோப்பிய வகைகளின் விதைக்கோ இன்றும் குலு பள்ளத்தாக்கின் கட்ரைன் போன்ற குளிர்ந்த இடங்கள் வேண்டும். கப்பலில் வந்து இறங்கியதால் அந்தச் செடி நம்முடையதாகவில்லை. இங்கே பிறந்த விதையிலிருந்து மறுபடி முளைத்தபோதே ஆனது.

அந்த வேலை இப்போது தலைகீழாக நடக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கோசுக்கும் காலிஃபிளவருக்கும் விதை ஒவ்வொரு போகத்துக்கும் பாக்கெட்டில் வாங்கப்படுகிறது. வீரிய ஒட்டு விதையின் விளைச்சலைக் குறை சொல்வதற்கில்லை. விவசாயிக்குக் கடன் அடைக்கும் விளைச்சல் வேண்டும். ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல் விளையாது. காலிஃபிளவரோடு இது நிற்கவில்லை. கத்தரிக்கும் வெண்டைக்கும் வந்துவிட்டது. என் சிறுவயதில் எங்கள் வீட்டில் பூசணி விதை சாணியில் பதிந்து சுவரில் காயும். பீர்க்கு நெற்றாகவே உத்தரத்தில் தொங்கும். கத்தரி விதை சாம்பல் புரண்டு சுரைக்குடுக்கையில் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு வகை இருந்த இடத்தில், இன்று அம்மாவிடம் மிஞ்சியவை மூன்று. அவற்றில் ஒரு கத்தரி, அவர் பிறந்த வீட்டிலிருந்து கல்யாணத்தின்போது கொண்டுவந்தது. அதற்குப் பெயர்கூட இல்லை. ‘நம்ம கத்திரி’ என்போம்.

ரோமனெஸ்கோவை நான் விடப்போவதில்லை. மாத்திரைக் கணக்குக்கு அது வேண்டும். விருந்தாளி ஆண்டுக்கு ஒருமுறை வரட்டும், வழிச்செலவை நாம் கொடுப்போம். ஆனால் விருந்தாளிக்குக் கொடுத்த பாத்தியைவிடப் பெரிய பாத்தி ‘நம்ம கத்திரி’க்கு வேண்டும் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் இப்போது ஒரே கருத்து. இந்த ஆண்டு முப்பது செடி நின்றன. காய் நிறைந்த நான்கு செடிகளை அம்மா தேர்ந்தார். பறிப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று, செடிக்கு இரண்டு காய் வீதம் காம்பில் சிவப்புத் துணி கட்டிவிட்டோம். அவை மஞ்சளாகப் பழுக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். விதை வேண்டும் என்று இதுவரை இரண்டு மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள்.