ஒன்றரை வயசு ஊசி

புதன்கிழமை என்றால் ஊசி நாள். புதுச்சத்திரம் ஆரம்ப சுகாதார நிலைய வாசல் நிறையச் செருப்புகள். நாமக்கல் சாலையில் முட்டை வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. எதிர் பெஞ்சில் அம்மா மடியிலிருந்த பெண் குழந்தை விரலை நீட்டி “வண்டீ” என்கிறது. நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. நீயும் பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

என் பக்கத்தில் அம்மாயியோடு வந்திருக்கும் பையனுக்கும் அதே வயசுதான். அம்மாயியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவர் விரல்களைத் தண்ணீர் பாட்டில் மூடியின் மேல் வைக்கிறான். அவர் சுற்றிவிடுகிறார். கன்னத்தைத் தரையில் பதித்துக்கொண்டு, சுழல்வதையே பார்க்கிறான். மூடி சாய்ந்ததும் மறுபடி மணிக்கட்டு. ஒரு தடவைகூட அவன் கண் அம்மாயியின் முகம்வரை ஏறவில்லை.

“சாமி… இங்க பாரு சாமி.” மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. பின்னால் யாரோ ஒருவருடைய செல்போனில் மெல்லிசாகப் பாட்டு வந்ததும் வெடுக்கென்று திரும்பினான்.

“காதெல்லாம் நல்லாக் கேக்குதுங்க. அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனாராமா. வசம்பு தடவிக்கிட்டிருக்கறோம்” என்றார் அம்மாயி, யாரும் கேட்காமலே.

நர்ஸம்மா அட்டையை வாங்கினார். பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, விரல நீட்டிக் காட்டறானா?”

“கேக்கறதுக்கு முன்னாலயே எடுத்துக் குடுத்தர்றமுங்க.”

“வேணுங்கறதுக்கு இல்லீங்க. காக்கா, நாயி, பஸ்ஸு… இந்தா பாருன்னு உங்களுக்குக் காட்டுவானா?”

அம்மாயி பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்காக நர்ஸம்மாவைக் கும்பிடத் தோன்றியது எனக்கு. பேச்சு வரவில்லையே என்றுதான் வீடுகள் கவலைப்படும்; பேச்சுக்கு முன்னால் வரவேண்டிய விரலை யாரும் தேடுவதில்லை. ஒரு வயசில் பேர் சொன்னால் திரும்புவது, ஒன்றரை வயசில் தான் கண்டதை இன்னொருவருக்குக் காட்டுவது: இவை வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிச அடையாளங்களைத் தேடும் திருத்திய எம்-சாட் கேள்வித்தாளின் 20 கேள்விகளில் பேர் சொன்னால் திரும்புவதும் உண்டு, விரல் நீட்டுவதும் உண்டு. ஓர் அடையாளத்தை வைத்து ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற நான் சொல்லவே கூடாது.

அடையாளங்கள் தெளிவாகிற வயசும் ஊசி வயசும் ஒன்றாக வந்துவிடுவதால், ‘ஊசி போட்டதிலிருந்துதான் இப்படி’ என்று பழி ஊசிமேல் விழுகிறது. 1998-இல் அப்படிச் சொன்ன லண்டன் ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊசி நாள்தான் இந்தப் பையனை நர்ஸம்மாவின் கண்ணில் பட வைத்திருக்கிறது.

“நாமக்கல் பெரியாஸ்பத்திரியில குழந்தை டாக்டர்கிட்டக் காட்டிருங்க. காதையும் பாக்கச் சொல்லுங்க. என்னன்னு தெரியட்டும்னு காத்திருக்காதீங்க, இப்பருந்தே அவன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து வெளையாடுங்க.” சீட்டை எழுதி அட்டைக்குள் வைத்தார். பிறகு ஊசி. பையன் வீறிட்டான்.

பஸ் நிறுத்தத்தில் மறுபடி அவர்களைப் பார்த்தேன். அழுகை ஓய்ந்து, இடுப்பில் இருந்தான். கம்பியில் ஒரு காக்கா. அம்மாயி கையை உயர்த்தி, “அந்தா பாரு சாமி, காக்கா” என்றார். காக்காவை அவர் பார்க்கவில்லை. பேரனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.