மகளின் சாமத்தியவீடும் என் சேனலும்

"அம்மா, அந்த வீடியோவை எடுத்துவிடுங்கோ."

கடந்த ஒக்டோபர், ஹாஃப் டேர்ம் விடுமுறை. நான் குசினியில் இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றேன். மகள் கதவடியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த அவளுடைய சாமத்தியவீட்டு வீடியோ. மண்டபம், பல்லக்கு, ஆலாத்தி, மூன்று தரம் உடுப்பு மாற்றியது எல்லாம் 18 நிமிடத்தில். அதுவரை என் சேனலில் கத்தரிக்காய்க் குழம்பு, தமிழ்ப் பள்ளிக் கலைவிழா என்று போட்டுக்கொண்டிருந்தேன். சில நூறு பேர் பார்ப்பார்கள். இதைப் போட்ட பிறகுதான் சேனலுக்குக் காசு வரத் தொடங்கியது.

"வகுப்பில ஒரு பெடியன் கண்டுபிடிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டான். இது என்ன பார்ட்டி எண்டு தேடியும் பார்த்திருக்கினம்." பாதி ஆங்கிலத்தில் சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 13 வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். என் மனதில் முதலில் வந்தது கணக்குத்தான். விளம்பரமும், மண்டப அலங்காரக்காரர் ஒருவர் தரும் காசும் சேர்ந்து மாதம் 200 பவுண் அளவில் வரும். அதில் பெரும்பங்கு அந்த ஒரு வீடியோவால். அவளுடைய வீணை வகுப்புக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் அதிலிருந்துதான் கட்டுகிறேன். "உமக்காகத்தானேயம்மா செலவழிக்கிறன்" என்று வாய்வரை வந்துவிட்டது.

"உம்மைக் கேட்டுத்தானே போட்டனான்?" என்றேன்.

"எனக்கு அப்ப பதினொரு வயசு அம்மா. என்னெண்டு விளங்காமல்தான் ஓம் எண்டனான்."

பிறகு ஒன்று சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. "நீங்கள்தானே போன மாதம் அப்பாவோட சண்டை பிடிச்சனீங்கள், ஃபோன்ல வாற 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை வாசிக்காமல் அமத்த வேண்டாம் எண்டு?"

அவள் சொன்னது சரி. 2025 செப்டம்பரில், பிரித்தானியாவில் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பாவிப்பவர்களுக்கு மெட்டா ஒரு தெரிவை அறிவித்தது. விளம்பரம் வேண்டாம் என்றால் இணையத்தில் மாதம் 2.99 பவுண், கைபேசியில் 3.99 பவுண் கட்டலாம். இல்லாவிட்டால் உங்கள் தகவலை வைத்து விளம்பரம் காட்ட ஒப்புக்கொண்டு இலவசமாகப் பாவிக்கலாம். இதையே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 நவம்பரிலேயே தொடங்கியிருந்தார்கள். அது உண்மையான தெரிவே இல்லை என்று சொல்லி, ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 200 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. "தனியுரிமைக்கும் விலைப்பட்டியலோ?" என்று சாப்பாட்டு மேசையில் நான் பெரிய பேச்சே பேசியிருந்தேன். மகள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இதில் மற்றப் பக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவோடு என் அம்மா தினமும் ஒரு சதமும் கொடுக்காமல் கதைக்கிறா. யாரோ ஒருவர் அந்தச் செலவைக் கட்டத்தானே வேண்டும்? வீட்டில் இருந்தபடியே சமையலும் தையலும் காட்டி நாலு காசு உழைக்கும் அம்மாக்கள் எங்களுக்குள் எத்தனையோ பேர். யூடியூபில் நீளமான வீடியோக்களுக்கு வரும் விளம்பரக் காசில் 55 சதவீதம் போட்டவருக்கு வருகிறது. அது கெட்ட காசு இல்லை. ஆனால் விளம்பரக்காரர் பெரும்பாலும் வீடியோவுக்காக மட்டும் காசு தருவதில்லை. அதைப் பார்ப்பவர் யார், எந்த ஊர், எதைத் தேடினார் என்று தெரிவதற்கும் சேர்த்துத்தான் தருகிறார்.

சட்டங்கள் பார்க்கும் பிள்ளையைக் கொஞ்சம் காப்பாற்றுகின்றன. பெற்றோரின் அனுமதி இல்லாமல் சிறுவர்களின் தகவலைச் சேர்த்ததாக வந்த வழக்கை 2019இல் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 170 மில்லியன் டொலர் கொடுத்து முடித்தன. 2020 ஜனவரியிலிருந்து, சிறுவர்களுக்கான வீடியோக்களில் ஆளைப் பார்த்துக் காட்டும் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. சரி, வீடியோவுக்குள்ளே இருக்கும் பிள்ளை? அதற்குக் காவல் அம்மாவும் அப்பாவும்தான். என் வீட்டில் அந்தக் காவல்காரியே டிக்கெட் வித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அன்றிரவு என்னுடைய சாமத்தியவீடு ஞாபகம் வந்தது. 1996, ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபம். அம்மா அந்த வீடியோக் கசெற்றை வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் போட்டுக் காட்டுவா. நான் அறைக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டுவேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்கள். பிறகு கசெற் அலுமாரிக்குள் போய்விடும். என் வகுப்புப் பெடியன் யாரிடமும் போகவில்லை.

வீடியோவை அன்றைக்கே அழித்தேன். மறைத்து வைக்கவில்லை, அழித்தேன். ஏற்கெனவே அனுப்பப்பட்டதை என்னால் திருப்பி எடுக்க முடியாது என்பதையும் மகளிடம் மறைக்காமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தோடு கதைத்தோம். அலங்காரக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, மிச்ச மாதங்களுக்கு உரிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். "எனக்கும் மகள் இருக்கிறாள் தங்கச்சி" என்றார், அவ்வளவுதான்.

பிறகு மூன்று பேரும் இருந்து வீட்டுக்கென்று சில விதிகள் எழுதினோம். பிள்ளையின் முகம், பள்ளிக்கூட உடுப்பு, வீட்டு வாசல் வீடியோவில் வராது. ஒரு இடத்துக்குப் போனால் திரும்பி வந்த பிறகுதான் போடுவது. பிள்ளை வருகிற எதற்கும் அவளைக் கேட்க வேண்டும், அன்றைக்கே பதில் கேட்கக் கூடாது. இன்றைக்கு ஓம் என்றாலும் பிறகு வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது நான் காரணம் கேட்காமல் எடுக்க வேண்டும்.

கடைசி விதி காசு பற்றியது. பிரான்சில் 2020இல் வந்த சட்டப்படி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இப்படி உழைக்கும் காசில் ஒரு பங்கு அவர்கள் பெயரில் வைக்கப்படவேண்டும். வீடியோவை நீக்கச் சொல்லிப் பிள்ளையே கேட்கவும் முடியும். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலும் 2024 ஜூலையிலிருந்து பிள்ளைக்குப் பங்கு ஒதுக்கவேண்டும். எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அந்த வீடியோவால் வந்ததைக் கணக்குப் பார்த்து, பாதியை மகளுடைய ஜூனியர் ஐசாவில் போட்டேன். 18 வயது வரும்வரை நானும் தொட முடியாது.

சேனல் வருமானம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வீணை வகுப்புக்கு இப்போது என் சம்பளத்தில் கட்டுகிறேன். கஷ்டம்தான், பொய் சொல்லக் கூடாது. மாதக் கடைசியில் அந்த 18 நிமிடங்களை நினைக்காமல் இல்லை.

மகள் சில நாள் என்னோடு தோசை சுட வந்து நிற்பாள். "என்ர கை மட்டும், சரியோ?" என்று கமராவை அவளே திருப்பி வைப்பாள். போன மாதம் வீணை வாசித்ததை நான் கைபேசியில் எடுத்தேன். நல்லாகவே வாசித்தாள். "இதைப் போடலாம், முகத்தோடையே. ஆனா நாளைக்குச் சொல்லுறன்" என்றாள்.

மூன்று கிழமை ஆகிறது. இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.