வண்டி வழி அறியுமா?

பாண்டியர் செப்பேடுகளால் வரலாறு கற்பார் அறிந்த சின்னமனூருக்கு இருப்புப்பாதை இல்லை. எம்மூரார் புகைவண்டி ஏற விரும்பின், பேருந்தில் தேனிக்கேனும் போடிக்கேனும் செல்லல் வேண்டும். இக்குறையை 2023-ஆம் ஆண்டு வேனில் விடுமுறையில் யாமும் எம் தம்பியும் கணிப்பொறித் திரையில் தீர்த்து வைத்தோம். ஓப்பன் டி.டி.டி. என்னும் விளையாட்டில், தேனியினின்று வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாய்க் கூடலூர்வரை ஒற்றைப்பாதை ஒன்று இட்டோம். நிலம் எடுப்பதில் வழக்கில்லை. நிதி வேண்டி மனுவில்லை. இரண்டு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது.

அவ்விளையாட்டின் வண்டிகள் தம் வழியைத் தாமே தேர்வன. பாதை பிரியுமிடத்தை அணுகும் வண்டி, சேருமிடம் வரையுள்ள வழிகளைக் கணக்கிட்டுப் பார்க்கின்றது. கடக்கும் கட்டம் ஒவ்வொன்றிற்கும் ஒரு விலை உண்டு. ஏற்றமாயின் இரு கட்டத்தின் விலை அதனோடு கூடும். முதலில் எதிர்ப்படும் கைகாட்டி சிவப்பாயின் பத்துக் கட்டத்தின் விலை கூடும். கூட்டுத்தொகை எவ்வழியிற் குறைவோ அவ்வழியே வண்டி செல்லும். சின்னமனூரில் முதல் மேடையில் வேறொரு வண்டி நிற்கக் கண்டு, எம் வண்டி தானே இரண்டாம் மேடைக்குத் திரும்பியபொழுது யாம் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. கணிதத் தேர்வில் அத்துணை விரைவு எமக்கு வாய்த்ததில்லை!

ஆயின் மறுநாளே கம்பத்திற்கு இப்பால் இரு வண்டிகள் எதிரெதிரே நின்றுவிட்டன. ஒற்றைப்பாதையின் நடுவே அழகிற்காக ஒரு கைகாட்டியை நட்டிருந்தோம். அதனால் பாதை இரு கூறாகி, கூற்றிற்கொரு வண்டி புகுந்து, இரண்டும் அக்கைகாட்டியின் முன் மூக்கோடு மூக்காய் நின்றன. “முட்டாள் வண்டி!” என்றான் தம்பி.

பின்னால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியப்பா நகைத்தார். அவர் மதுரை – போடி மீட்டர் பாதையில் பாயின்ட்ஸ்மேனாய் இருந்தவர். 1928-இல் திறக்கப்பெற்று, இரண்டாம் உலகப்போரில் தண்டவாளம் பெயர்க்கப்பெற்று, பின்னர் மீண்டும் இடப்பெற்ற பாதை அது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில், அகலப்பாதையாக்கும் பொருட்டு வண்டிகள் நிறுத்தப்படவே, அவர் வேற்றூருக்கு மாற்றப்பட்டு அங்கேயே ஓய்வு பெற்றார்.

“வண்டிக்கு ஏதடா புத்தி? நாக்குத் தண்டவாளம் எப்படி ஒட்டியிருக்கிறதோ, சக்கரத்தின் விளிம்பு அதன்படியே போகும். ஓட்டுகிறவர் விரும்பினாலும் திருப்ப முடியாது. திருப்புகிறவன் கீழே நிற்கிறான்,” என்றார்.

எதிரெதிர் வண்டிகள் ஒரே பாதையிற் புகாதிருத்தற்கு அக்காலத்தில் இருந்த ஏற்பாட்டையும் கூறினார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒன்றோடொன்று மின்கம்பியால் இணைந்த கருவிகள் உண்டு. அவற்றினின்று ஒரு நேரத்தில் ஓர் இரும்பு உருண்டையே வெளிவரும். அவ்வுருண்டை கைக்கு வாராமல் எவ்வண்டியும் அடுத்த நிலையத்திற்குப் புறப்படலாகாது. எம் விளையாட்டில் இல்லாதது அவ்வுருண்டையே.

பின்னர், யாம் கேளாமலே, மற்றொன்று சொன்னார். பணியேற்ற புதிதில், ஒரு மழை இரவில், சிறிய நிலையம் ஒன்றில் பாதையைத் திருப்பிப் பூட்டி, திறவுகோலை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்தாராம். “எந்த லைன்?” என்று அவர் வினவ, விடை சொல்லிவிட்டார். சொன்ன பின்னரே நெஞ்சில் ஐயம் புகுந்தது. வண்டி வரும் ஓசை கேட்கவே, அரிக்கேன் விளக்கோடு மழையில் ஓடிக் குனிந்து பார்த்தார். சரியாகவே இருந்தது. அன்றுமுதல் பணியிலிருந்த நாளெல்லாம் பூட்டியதை இரண்டாம் முறையும் சென்று பார்ப்பாராம். உடன்பணியாற்றியோர் எள்ளி நகையாடினர் என்பதையும் அவரே கூறினார்.

அவ்விடுமுறையிலேயே, ஜூன் 2-ஆம் நாள், ஒடிசாவில் பாலசோரை அடுத்த பகநாகா பஜார் நிலையத்தில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவுவண்டிக்கு நேர்பாதையின் பச்சை விளக்கு எரிந்தது. தண்டவாளமோ பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கு நின்ற சரக்குவண்டியின்மேல் அது மோத, 290-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கைகாட்டிச் சுற்றின் மின்கம்பி வேலையில் நேர்ந்த பிழைகளே காரணம் எனப் பின்னர் ஆய்வில் வெளிப்பட்டது. செய்தி வந்த இரவு பெரியப்பா உணவு கொள்ளவில்லை. “ஓட்டினவர் என்ன செய்வார்? பச்சையைத்தானே பார்த்தார்,” என்பதையே பலகால் கூறிக்கொண்டிருந்தார். நாங்களும் அன்று கணிப்பொறியைத் திறக்கவில்லை.

அதன்பின் பதின்மூன்றாம் நாள், ஜூன் 15-இல், போடிக்கு அகலப்பாதையில் வண்டி வந்தது. சில நாள் கழித்து எங்களை அவர் அங்கு அழைத்துச் சென்றார். புதிய மேடையையும் பெட்டிகளையும் தம்பி வியந்து நோக்கினான். பெரியப்பாவோ நேரே மேடையின் கோடிக்கு நடந்து, பாதை பிரியுமிடத்தைப் பார்த்தபடி நின்றார். இப்பொழுது நெம்புகோல் இல்லை. மின்பொறி நாக்கைத் திருப்புகிறது. “நன்றாய் ஒட்டியிருக்கிறது,” என்று சொல்லித் திரும்பினார்.

வெளிவாயிலை அடைந்தோம். சின்னமனூர்ப் பேருந்துக்கு நேரமாயிற்று என்றோம். “நீங்கள் போய் இடம் பிடியுங்கள். இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்,” என்று அவர் மீண்டும் மேடையை நோக்கி நடந்தார்.