பேரனின் கால் பெடல்



பேரன் கிட்டார் வாசிக்கிறான். முன்பெல்லாம் காலடியில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். இப்போது அத்தனையும் லேப்டாப்புக்குள். கீழே ஒரே ஒரு பெடல். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். “தாத்தா, மிதிச்சா சத்தம் ஏறணும், எதிரொலி குறையணும். ரெண்டும் ஒரே பெடல்ல வேணும். எதிரொலி சுத்தமா போயிடவும் கூடாது.”

எனக்குச் சங்கீதம் தெரியாது. பெடல் என்ன அனுப்புது என்று கேட்டேன். 0 முதல் 127 வரை எண்களாம். 1983-ல் வந்த ‘மிடி’ முறை. ஏழு பிட், இரண்டின் ஏழாம் அடுக்கு 128. அட, நம்ம கணக்கு! நோட்டில் இரண்டு கோடு போட்டேன். சத்தம் ஏறுகிறது, எதிரொலி 60 சதவீதத்தில் தொடங்கி 20-ல் நிற்கிறது. அந்த மென்பொருளில் ஒரே பெடலுக்கு இரண்டையும் கட்டி, தொடக்கமும் முடிவும் தனித்தனியாகப் போட முடிந்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் மிதித்ததுமே பாய்ந்தது. காது நேர்கோட்டில் கேட்பதில்லையே! வளைகோட்டுக்கு மாற்றினான், சரியானது.

எட்டாம் வகுப்பில் “இந்த கிராஃப் எதுக்கு சார்?” என்று கேட்ட ஒருவனை பெஞ்சு மேல் நிறுத்தினேன். பெயர் வேண்டாம், இதைப் படிப்பான். தம்பி, மன்னிச்சிடுப்பா. ஒருநாள் வீட்டுக்கு வா, பெடலை மிதித்துப் பார்.