குளிர்ந்த பற்று



மும்பையில் ஊழியஞ்செய்கிற என்னிடத்தில் வருகிற ஜெபக்குறிப்புகள் பெரும்பாலும் வேலை, வாடகை, மகளின் விவாகம், ஊரிலிருக்கிற தாயின் சுகவீனம் ஆகியவற்றைப் பற்றியவை. சில மாதங்களுக்கு முன் தாராவியில் குடியிருக்கும் ஒரு சகோதரர் கொடுத்த துண்டுக் காகிதத்தில், தன் மகன் “அந்தப் பறக்கிற பொம்மையிலிருந்து” விடுதலையாக வேண்டும் என்று எழுதியிருந்தது. மதுபானத்திலிருந்து விடுதலை கேட்டவர்கள் அநேகர். ட்ரோனிலிருந்து விடுதலை கேட்டவரை நான் கண்டது அதுவே முதல் தடவை.

அவருடைய துக்கத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. தோல் பட்டறையில் தைத்துச் சம்பாதிக்கிற மனிதர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்து பேர் வாசம்பண்ணுகிறார்கள். மகனோ டிப்ளமாவில் இரண்டு பாடங்களை நிலுவையில் வைத்துக்கொண்டு, பகுதிநேர வேலையில் கிடைக்கிற பணத்தையெல்லாம் லேமிங்டன் சாலையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கொடுத்துவிட்டு வருகிறான். தாயாருக்கோ வேறொரு பயம். 2024-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியபோது, வீடுகளை வரைபடமாக்க ட்ரோன்களையும் பயன்படுத்தினார்கள். தலைக்குமேல் இரைந்துகொண்டு போகிற அந்தச் சாதனம் வீட்டைப் பறிக்க வந்தது என்றே அந்தச் சகோதரி நினைத்திருந்தார். அதே ஜாதியான ஒன்று தன் வீட்டு அலமாரியில் இருப்பதை அவர் எப்படிச் சகிப்பார்?

ஜெபிக்கும்படி அந்த வீட்டுக்குப் போனேன். ஆனால் அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தபடி நான் ஜெபிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அந்தத் தம்பி தரையில் ஒரு பலகையைப் போட்டு, ட்ரோனைத் திறந்து வைத்திருந்தான். மே மாத விடுமுறையில் கோவில்பட்டிக்கு அப்பாலுள்ள மாமாவின் மானாவாரிக் காட்டில் பறக்கவிட்டபோது, அது ஒரு சீமைக்கருவேல மரத்தில் விழுந்து சிக்கிக்கொண்டது. விசிறி முள்ளுக்கிளையில் மாட்டி நின்றுவிட்டது. ஆனால் மோட்டாருக்குப் போகிற மின்சாரம் நிற்கவில்லை. சுற்ற முடியாத மோட்டார் அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தை இழுத்ததால், மோட்டார்களுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பலகையில் ஒரு மாஸ்ஃபெட் கருகிப்போயிற்று.

வேதாகமக் கல்லூரிக்குப் போகுமுன் நான் இரண்டு வருஷம் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் எடுபிடியாக இருந்தவன். ஆகையால் ஜெபத்தைச் சற்றுத் தள்ளிவைத்து அவனருகில் உட்கார்ந்தேன். எங்கள் காலத்து டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள் உண்டு, விரலால் பிடிக்கலாம். இதுவோ துவரம்பருப்பு அளவே. இந்த மோட்டார் ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிகள். கம்பி ஒன்றுக்கு இரண்டு மாஸ்ஃபெட் வீதம் மோட்டாருக்கு ஆறு, நான்கு மோட்டார்களுக்கு இருபத்துநான்கு. எது கெட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எப்போதும் முடியாது. அவன் மல்ட்டிமீட்டரை எடுத்து, மின்கலத்தின் கம்பி சேருகிற இடத்துக்கும் மோட்டார் கம்பி சேருகிற பன்னிரண்டு இடங்களுக்கும் நடுவே ஒவ்வொன்றாய் அளந்தான். பதினொன்று மௌனமாயிருந்தன. ஒன்று மாத்திரம் ‘பீப்’ என்று சத்தமிட்டது.

புதிய பலகை வாங்க நான்காயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். மாஸ்ஃபெட் ஒன்றோ நூறு ரூபாய்க்கும் குறைவு. தகப்பனார் கட்டிலில் உட்கார்ந்தபடி இந்தக் கணக்கை மாத்திரம் கவனமாகக் கேட்டார்.

கருகியதை வெந்நீராவிபோல் சூடான காற்றை ஊதும் கருவியால் தளர்த்தி எடுத்தான். அண்டையிலிருக்கிற சிறிய பாகங்கள் கழன்று பறந்துபோகாதபடி அவற்றை மஞ்சள் நிற வெப்பத் தாளால் மூடியிருந்தான். பிறகு அந்த இடத்தைத் துடைத்து, சிறிது ஃப்ளக்ஸ் தடவினான். தகப்பனார் முதன்முதலாக வாய்திறந்தார்.

“அது எதுக்குல?”

“துருவை எடுக்கதுக்குப்பா. இது இல்லன்னா ஈயம் பிடிக்காது.”

“நவச்சாரம் மாதிரியா?”

தம்பிக்கு நவச்சாரம் என்றால் என்னவென்று தெரியவில்லை. தகப்பனார் சொன்னார். அவருடைய தாய்மாமன் ஊர் ஊராய்ப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினவராம். பாத்திரத்தைத் துருத்தி அடுப்பில் காயவைத்து, நவச்சாரத்தூளைத் தூவி, பஞ்சால் தேய்த்தவுடன் ஈயம் கண்ணாடிபோல் ஓடுமாம். நவச்சாரம் போடாமல் தேய்த்தால் ஈயம் முத்துமுத்தாய் உருண்டு ஓடுமே தவிர ஒட்டாதாம். இவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னார். தகப்பனும் மகனும் அந்த வருஷத்தில் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டதில்லை என்று அந்தச் சகோதரி பின்பு என்னிடம் சொன்னார்.

பற்றவைப்பில் ஆரம்பக்காரர் அநேகர் ஒன்றை அறியாதிருக்கிறார்கள். ஈயத்தைச் சூட்டுக்கோலின் நுனியில் உருக்கி, அதை வேலையின்மேல் சொட்டவிடுகிறார்கள். உண்மையில் சூடாக வேண்டியது ஈயமல்ல. கம்பியும் அதைத் தாங்குகிற செம்புத் தகடும் ஆகிய இரண்டுமே முதலாவது சூடாக வேண்டும். அறுபத்துமூன்று பங்கு வெள்ளீயமும் முப்பத்தேழு பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகும். ஆயினும் கோலை 350 டிகிரிக்குச் சமீபமாக வைப்பது, இரண்டு பக்கமும் சீக்கிரமாய்ச் சூடேறும்படியே. மின்கலத்திலிருந்து வருகிற தடித்த கம்பி சூட்டையெல்லாம் குடித்துவிடும். அதற்கு ஊசிமுனை உதவாது, அகன்ற முனை வேண்டும். இரண்டும் சூடாகி ஈயம் பட்டவுடன், அது தானாகவே பரவி ஓடிப் பள்ளமாய்ப் படியும். ஒரு பக்கம் குளிர்ந்திருந்தாலோ, ஈயம் உருண்டையாய் மேலே உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு இணைந்ததுபோலவே இருக்கும், மல்ட்டிமீட்டரும் சில வேளை ‘பீப்’ என்று சாட்சி சொல்லும். அதற்குக் குளிர்ந்த பற்று என்று பெயர். மேஜைமேல் இருக்கிற ரேடியோவில் அது சில வருஷங்கள்கூடத் தாங்கும். நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுகளைத் தாண்டி மோட்டார் சுழலும்போது உண்டாகிற அதிர்ச்சியிலே, ஆகாயத்தில் இருக்கையில் விட்டுப்போகும்.

நான் போதகனாகையால், இதைக் கேட்டும் சபையை நினையாமலிருக்கக் கூடவில்லை. வேலைக்காக ஊரைவிட்டு இந்தப் பட்டணத்துக்கு வந்து, நம்முடைய சபைகளில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! கூட்டங்களில் நாம் வார்த்தையை நன்றாக உருக்குகிறோம். கண்ணீரும் கரகோஷமும் குறைவுபடவில்லை. சேர்க்கப்படுகிற ஆத்துமாவோ, அதைச் சேர்த்துக்கொள்ளுகிற சபையோ குளிர்ந்திருக்கும்போது, பெயர் பதிவேட்டில் உருண்டையாய் உட்கார்ந்திருக்கிறது. வேலை போனபோதும், வீடு மாறினபோதும் விட்டுப்போகிறது. பின்வாங்கிப்போனான் என்று அவனை மாத்திரம் குறைசொல்லுவதற்கு முன், நம்முடைய பக்கம் எவ்வளவு சூடாயிருந்தது என்று கேட்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆவியின் நிறைவைக் குறித்து நாம் அதிகமாய்ப் போதிக்கிறோம். தாம் ஆவியினால் நிரப்பினதாகக் கர்த்தர் பெயர் சொல்லிக் கூறுகிற முதல் மனிதன் யார்? யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அவன் தீர்க்கதரிசியல்ல, ஆசாரியனுமல்ல. யூதா கோத்திரத்துக் கைத்தொழிலாளியாகிய பெசலெயேல். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலைசெய்யும்படி அவனுக்கு அந்த நிறைவு அருளப்பட்டது. ஏசாயா 41-ஆம் அதிகாரத்திலோ, உலோகத்தை இசைக்கிற அதே தொழில் விக்கிரகத்தை உண்டாக்குகிறவர்களின் கையில் காணப்படுகிறது. தொழில் ஒன்றுதான். ஆகவே ஒரு பையன் சூட்டுக்கோலைப் பிடித்திருக்கிறதைக் கண்டவுடனே அதை உலகத்தான் காரியம் என்று தள்ளிவிட நமக்கு வேதத்தில் ஆதாரமில்லை. இரவெல்லாம் கைப்பேசியில் பிறர் ஆடுகிற கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்காக எவரும் எனக்கு ஜெபக்குறிப்பு எழுதித் தந்ததில்லை.

தகப்பனார் சொன்னதில் ஒரு காரியம் முற்றிலும் நியாயமாயிருந்தது. லித்தியம் பாலிமர் மின்கலத்தை அந்த அறையிலே, சமையல் எரிவாயு சிலிண்டருக்கு இரண்டடி தூரத்தில், எல்லாரும் நித்திரைபண்ணும்போது சார்ஜ் ஏற்றிவந்தான். இவ்வகை மின்கலம் அடிபட்டாலும், உப்பிப்போனாலும், அளவுக்கு மேல் ஏற்றப்பட்டாலும் தீப்பற்றும். அதை அணைப்பதும் எளிதல்ல. இதைக் கண்டிப்பாய்ச் சொன்னேன். விழித்திருந்து பார்த்துக்கொள்ளுகிற நேரத்தில் மாத்திரம், வாசலண்டையில், மண்சட்டிக்குள் வைத்து ஏற்றுவது என்று ஒப்புக்கொண்டான். மரத்தில் விழுந்த பழைய மின்கலம் சற்று உப்பியிருந்தது. அது இனி வேண்டாம் என்று விலக்கினான். பற்றவைக்கும்போது ஜன்னலைத் திறப்பதும், காரீயம் தொட்ட கையைச் சாப்பாட்டுக்கு முன் சோப்பினால் கழுவுவதும் தாயாரின் கட்டளைகள்.

புதிய மாஸ்ஃபெட்டை வைத்து முடித்ததும் அவன் மின்கலத்தை நேரே மாட்டவில்லை. ஒரு கார் பல்பை நடுவே இணைத்தான். உள்ளே எங்காவது குறுக்கிணைப்பு இருந்தால் மின்சாரம் பல்பை எரியவைக்கும், பலகையை எரிக்காது. விசிறிகளையும் முன்னமே கழற்றி வைத்திருந்தான். பல்பு ஒருதரம் மினுக்கி அணைந்தது. அணைந்ததே நல்லது என்றான். பல்பை எடுத்துவிட்டு முடுக்கினபோது நான்கு மோட்டார்களும் சுழன்றன. ஆனால் ஒன்று எதிர்த்திசையில் சுழன்றது. மூன்று கம்பிகளில் எவ்விரண்டையாவது மாற்றிவைத்தால் திசை மாறிவிடுமாம். தகப்பனார் கட்டிலிலிருந்து இறங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடுக்கியால் கம்பியைப் பிடித்துக்கொடுத்தார். தையல்காரரின் கை, நடுங்கவில்லை.

விமான நிலையத்துக்கு இவ்வளவு அருகே இருக்கிற தாராவியில் அதை அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி பதிவெண்ணும் பெற வேண்டும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் 90 அடி சாலைப் பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கிற ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள் தம்பியைத் தன் கடையில் உட்கார வைத்திருக்கிறார். நிலுவையிலுள்ள இரண்டு பாடங்களில் ஒன்று கணிதம். அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.