அறுபதில் எழுத்துப் பழக்கம்

பிள்ளைகளே, முப்பது ஆண்டுகள் ஜப்பானில் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றவற்றில் கனமான பாடத்தை எனக்குக் கற்பித்தவர் எதிர்வீட்டு லேத் தொழிலாளி ஒருவர்.

வடக்கே அவோமோரி அவருக்குச் சொந்த ஊர். 1960களில், நடுநிலைப்பள்ளி முடித்த பதினைந்து வயதில், தன்னையொத்த பிள்ளைகளோடு ரயிலேறி டோக்கியோவின் உயெனோ நிலையத்தில் வந்து இறங்கினார். அப்படி வந்த சிறுவர்களை நாடு 'தங்க முட்டைகள்' என்று கொஞ்சியது. கொஞ்சிவிட்டுப் பட்டறைக்கு அனுப்பியது. மாலைநேர உயர்நிலைப்பள்ளிகள் இல்லாமல் இல்லை. பட்டறையில் ஓவர்டைம் முடியும்போது பள்ளிக்கூடம் மூடியிருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அறுபதாம் வயதில் ஜப்பானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1983ல் நிறுவப்பட்டு, 1985ல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பாடங்கள் பெரும்பாலும் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வரும். நுழைவுத் தேர்வு கிடையாது. இவரிடம் உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழே இல்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தனிப்பாடங்களாகப் படித்து 16 கிரெடிட் சேர்த்துவிட்டால் பட்டப்படிப்பில் எடுத்துக்கொள்வார்கள். பட்டத்துக்கு 124 வேண்டும். பாடத்துக்கு இரண்டு என்று கணக்கிட்டால் 62 பாடங்கள். அதற்குப் பத்தாண்டு வரை அவகாசம். வாசலில் யாரும் மறிப்பதில்லை. உள்ளே நிலைத்து நிற்பதுதான் பாடு.

"இந்த வயதில் பட்டம் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பாடநூலைச் சற்றே நகர்த்திவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினார். அந்த மௌனத்தின் சூடு இன்னும் ஆறவில்லை.

ஆங்கிலம் அவரை வாட்டியது. சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்களின் வெள்ளைப் பின்பக்கத்தில் ஒரே சொல்லை இருபது முறை எழுதுவார். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை விரல்நுனியில் அறிந்த கை, பேனாவை உளி பிடிப்பதுபோல் பிடித்திருந்தது. முதல் பருவத்தில் தோற்றார். மறுபருவம் எழுதி, தேர்ச்சிக்குரிய கடைசித் தரத்தில் தேறினார். அந்த முடிவுச் சீட்டை மடிக்காமல் கொண்டுவந்து காட்டினார்.

இன்னொருவனையும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த இளைஞன் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் படித்தான். அந்நாட்டில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்கு 1950லேயே முறையான அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஆனாலும் கோடையில் சில நாள் நேரில் போய் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. விடுப்புக் கேட்கத் தயங்கினான். ஒருமுறை கேட்டான், மறுத்துவிட்டார்கள். மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டான். அவனுக்குப் பொறுமை போதாது என்று அன்று பேசியவர்களில் நானும் ஒருவன். இன்று அப்படிப் பேசமாட்டேன். ஒவ்வொரு வசந்தத்திலும் அப்போதுதான் கல்லூரி முடித்த இளசுகளை மொத்தமாக வேலைக்கு எடுப்பது அங்குள்ள பெரிய நிறுவனங்களின் வழக்கம். முப்பத்தைந்தில் பட்டம் வாங்கியவனுக்குச் சம்பளத்தில் அது சேர்வது அரிது. ரிக்கியோ பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு வேலைக்குப் போகிறவர்களுக்கெனத் தனிச் சேர்க்கையை 1979லேயே கொண்டுவந்தது. பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்தன. நிறுவனங்கள் நேரத்தைத் திறக்கவில்லை. பொறுமை பெரிதுதான் பிள்ளைகளே. ஆனால் மாலைப்பொழுதே இல்லாதவனிடம் அதைக் கேட்பது நியாயமாகாது.

எதிர்வீட்டுக்காரர் ஒன்பதாம் ஆண்டில் முடித்தார். டோக்கியோவின் என்எச்கே அரங்கத்தில் பட்டமளிப்பு. பட்டறைக் காலத்துக் கோட்டு தோளில் தொளதொளத்தது. அதையே போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசைமேல் வேறொரு துறையின் பாடநூல். பக்கத்தில் விளம்பரத் தாள்கள், வெள்ளைப் பக்கம் மேலே தெரிய அடுக்கியிருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தேநீர் ஊற்றினார்.