வெளுத்துப்போன பிளக்கு

1994ஆம் ஆண்டு. எங்களிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. சில நாள்களாக, நின்று கிளம்பும்போதெல்லாம் அது திக்கியது. கார்புரேட்டர் வழியே ‘டப்’பென்று இருமியது. ஒருநாள் மாலை, 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சனா முதலியார் பாலத்தின் நடுவே நின்றேவிட்டது. கீழே தாமிரபரணி அமைதியாக ஓட, பின்னால் பேருந்துகள் ஒலியெழுப்ப, நான் அவமானத்தால் குன்றிப்போனேன். ஓட்டுநர் பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று மனம் தீர்ப்பெழுதியது. அதைப் பலர் முன்னிலையில் சொல்லியும்விட்டேன். அவர் காரை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்து போனார்.

பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர், பிளக்குகளைக் கழற்றி என்முன் வைத்தார். “அண்ணாச்சி, மண்ணெண்ணெய் கலந்திருந்தா கரியில்லா பிடிச்சிருக்கும்? இது சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கு. காத்து கூடிப் போச்சு.”

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகுந்தால் கலவை மெலியும், என்ஜின் திக்கும், மிகுதியாகச் சூடேறி, நாளடைவில் வால்வுகளும் கருகக்கூடும். அவர் சோக்கைச் சற்று இழுத்தார். காற்று குறைந்ததும் என்ஜின் சீராக ஓடியது. “அப்படியானால் பெட்ரோலைக் கூட்டி வைத்துவிடலாமே?” என்றேன்.

“கூட்டினா திக்கல் அடங்கும். ஓட்டை அடங்காது.”

பிறகு, என்ஜினோடு இணைந்த ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தார். பிரேக்குக்குச் செல்லும் குழாயை நெரித்தபோது திக்கல் நின்றது. அதன் அடிப்புறம் வெடித்திருந்தது. என்ஜினின் உறிஞ்சுவிசையைக் கொண்டு பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணைசெய்வது அந்தக் குழாய்தான்.

எனக்கு உடல் சில்லிட்டது. முந்தைய வாரம், பாபநாசம் மலையிலிருந்து பிள்ளைகளோடு இறங்கி வந்தபோது, “பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு சார்” என்று அந்த ஓட்டுநர் சொல்லியிருந்தார். சாக்குப்போக்கு என்று நான் செவிசாய்க்கவில்லை.

அன்றிரவே அவர் வீட்டுக்குச் சென்று, தெருவார் கேட்க மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “குழாய மாத்தியாச்சா சார்? பிள்ளைகள வச்சு ஓட்டணும்லா.”

இன்றைய கார்களில், புகைபோக்கியில் பொருத்திய ஆக்சிஜன் உணரி கலவையின் மெலிவை அறிந்து, கணினி வழியாகப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. அதுவும் போதாதபோது எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ‘பி0171’ போன்ற குறியீடு பதிவாகிறது. கலவை மெலிந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். காற்று எங்கே நுழைந்தது என்பதை மனிதன்தான் தேடவேண்டும். அந்த விளக்கு எரியும்போதெல்லாம், கைப்பிடிச் சுவரோரமாகத் தலைகுனிந்து நடந்துபோன அந்த மனிதரின் முதுகே என் கண்முன் நிற்கிறது.